மெஷினுக்கு வைத்த தேங்காயெண்ணெய்

மண்ணெண்ணெய் மணம் மூக்கில் பட்டால் இன்றைக்கும் என் விரல் நுனி குளிரும். கீரி என்ற கடலோர ஊரில் எங்கள் வீட்டு முன்னறையில் அப்பாவின் ஆங்கில "டைப் மெஷின்" இருந்தது. யுத்தத்தில் கந்தோரில் தட்டச்சு வேலை நின்றுபோன பிறகு, பிடிபட்ட பிள்ளைகளுக்காக ஆமி முகாமுக்குக் கொடுக்கும் மனுக்களை அவர் அதில்தான் அடித்துக் கொடுத்தார். ஐந்தாம் வகுப்போடு வீட்டில் நின்றுவிட்ட எனக்கு, சனிக்கிழமை தோறும் அதைத் துடைப்பது வேலை. பழைய பற்தூரிகையை மண்ணெண்ணெயில் தோய்த்து எழுத்துக் கம்பிகளைத் தேய்த்து, குழிகளில் அடைத்த மையைக் குண்டூசியால் கிண்டியெடுத்து, சீலைத் துண்டால் மூடிவைப்பேன்.

"உப்புக்காத்துத்தான் இதுக்கு எமன்" என்பார் அப்பா.

"உந்த மெஷினைப் பார்க்கிற மாதிரி உங்கட தலையைப் பார்த்து எண்ணெய் வைச்சிருந்தா வழுக்கை விழுந்திருக்குமே?" என்று குசினி அடுப்படியிலிருந்து அம்மா கேட்பார்.

மண்ணெண்ணெய் தட்டுப்பாடான அந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை, மெஷினுக்கென்று ஒதுக்கிய சிறு போத்தலை நான் கைதவறிக் கொட்டிவிட்டேன். சொல்லப் பயம். தலைக்கு நல்லது மெஷினுக்கும் நல்லதுதானே என்று, கோழியிறகால் ஒவ்வொரு கம்பிக்கும் தேங்காயெண்ணெய் பூசினேன். "கல்யாணப் பொம்பிளை மாதிரி மினுங்குது" என்று அப்பா சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிபோல அடுத்த வளவு வீட்டு றோசலின் மாமி ஓடிவந்தார். விடிய ஆமியின் சுற்றிவளைப்பில் அவருடைய ஒரே மகனைப் பிடித்துப் போய்விட்டார்கள்.

"அண்ணை, பன்னிரண்டு மணிவரைக்குந்தான் முகாமில மனு வாங்குவினமாம். கெதியா அடியுங்கோ!"

அடிக்கத் தொடங்கினால், மூன்று நாளாய்ப் பறந்த கடற்கரை மணல் மூடிய சீலையையும் மீறிப் புகுந்து எண்ணெயோடு சேர்ந்து பசையாகி, எழும்பிய கம்பி விழாமல் நின்றது. கையால் எழுதினதை முகாம் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். அப்பா ஒவ்வொரு எழுத்தாய் அடிக்க, சிக்கின கம்பியை நான் சீலையால் துடைத்துத் துடைத்து விட்டேன். "உப்புக்காத்து செய்த வேலை" என்றார் அப்பா. நான் அடுத்த கம்பியைத் துடைத்தேன். மனு முடிய மணி பன்னிரண்டரை.

மறுநாள் மாமி மனுவோடு முகாமுக்குப் போனபோது, மகனை வேறிடம் மாற்றியாயிற்று என்றார்களாம். எந்த இடமென்று கடைசிவரை ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு கிழமைக்குப் பிறகு மாமி ஒரு கடதாசிச் சரையில் கருவாடு கொண்டுவந்தார். "இந்தப் பிள்ளை எனக்காகக் கை கறுக்கத் துடைச்சதெல்லோ" என்று என் தலையைத் தடவினார். அந்தக் கருவாட்டை நானும் தின்றேன். தேவாலயத்தில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சீனி களவெடுத்ததைச் சொன்னேன், அம்மாவை ஏசினதைச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. நேரத்துக்குக் கொடுத்திருந்தாலும் விட்டிருப்பார்களோ, தெரியாது.

மெஷின் இடம்பெயர்வில் போயிற்று. அப்பா இல்லை. வாசலைப் பார்த்தபடியே இருந்து றோசலின் மாமியும் போய்விட்டார். இப்போது, திரும்பிவந்த அதே ஊரில், மருமகளின் கம்ப்யூட்டர் கீபோர்டை நான்தான் கவிழ்த்துத் தட்டித் துடைக்கிறேன். அதே மணல்தான் கொட்டுகிறது. போன கிழமை அவள், ஒன்றும் தெரியாமல், "மாமி, எண்ணெய் கிண்ணெய் வைச்சுப்போடாதேங்கோ" என்று பகிடி விட்டாள். சிரித்துச் சமாளித்தேன்.

இதைக் கொப்பியில் எழுதிவைத்திருக்கிறேன். நான் துடைத்த அந்தக் கீபோர்டில் நாளைக்கு அவள்தான் இதை அடித்துத் தருவாள். இந்த இடத்துக்கு வரும்போது அவளுக்குத் தெரிந்திருக்கும்.