சுற்றி வந்த ஒயர்

போன வருடம் சித்திரை வெயிலில், எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் நடந்தது இது. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதித் தருகிறாள்.

எங்கள் கோழிப்பண்ணைக்கு அடுத்தது என் கொழுந்தனார் மனைவியின் பண்ணை. நடுவில் ஒரு கம்பி வேலிதான். பாகம் பிரித்தபோது டிரான்ஸ்பார்மரை ஒட்டிய நிலம் அவர்களுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். பொழுது சாய்ந்தால் அவள் வீட்டு விளக்கு பால் மாதிரி எரியும்; என் வீட்டு விளக்கு மஞ்சளாக அழுது வடியும். அவள் மிக்ஸி போடுகிற சத்தம் கேட்டாலே எனக்குச் சோறு இறங்காது. இத்தனைக்கும் மூத்த மருமகள் நான்.

அன்று உச்சி வெயில். பண்ணைக் கூரைமேல் தண்ணீர் தெளிக்கிற மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டே நின்றது. கூண்டுகளில் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. சில கழுத்தைத் தொங்கப் போட்டுவிட்டன. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் கூரையில் தண்ணீர் மழையாகக் கொட்டியது.

ஒயர்மேன் வந்து பார்த்தார். "மோட்டாரைப் போட்டா வோல்டேஜ் அப்படியே படுத்துக்குதுங்கம்மா" என்றார்.

"படுக்காம என்ன பண்ணும்? பூராத்தையும் அவ இழுத்துக்கறா. அவ மோட்டாரை நிறுத்துனாத் தெரியும் சேதி!"

வேலியோரம் போய் நானே சத்தம் போட்டேன். ஏன் எதற்கு என்று கேட்பாள், நாமும் நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயில் தயாராக வைத்திருந்தேன். அவள் ஒன்றுமே கேட்கவில்லை. ஓடிப்போய் மெயினையே இறக்கிவிட்டு வந்து நின்றாள். அவள் கூரைத் தண்ணீரும் நின்றது.

என் மோட்டாரைப் போட்டார்கள். அதே உறுமல்தான்.

ஒயர்மேன் டிரான்ஸ்பார்மர் பக்கத்துக் கம்பத்தடியில் இருக்கிற என் மீட்டர் பெட்டிக்குப் போய்ப் பார்த்தார். அங்கே மோட்டார் ஓடும்போதும் வோல்டேஜ் குறையவில்லை. "அப்ப வர்ற வழியிலதான் குறையுதுங்க" என்று ஒயர் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கிணற்று மேட்டுத் திருப்பத்தில் ஒட்டுப் போட்ட இடத்தில் டேப் உருகி, ஒயர் கருகிக் கிடந்தது.

"நேரா இழுத்தாப் பாதித் தூரந்தானுங்களே. ஏனுங்க இப்படி மெல்லிசு ஒயரை ஒட்டுப் போட்டுச் சுத்தி உட்டிருக்கீங்க?"

நேராக இழுத்தால் ஒயர் அவள் பாகத்துக் காட்டுக்கு மேலே வர வேண்டும். அதற்கு அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்க மனசில்லாமல், கிடந்த பழைய ஒயரையெல்லாம் சேர்த்துச் சுற்றி இழுக்கச் சொன்னதே நான்தான்.

நான் சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஏனக்கா, எங்காட்டு மேல வந்தாக் கரண்டு கசந்துருமா?" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

ஆனால் சிரித்துக்கொண்டே போய் மெயினைப் போட்டாள். தன் கூரைக்குக்கூட விடாமல், ஓஸ் பைப்பை இழுத்துவந்து வேலிக்கு மேலே நீட்டினாள்.

"மொறைச்சது போதும், உங்க கோழி சாகறதுக்குள்ள இந்த முனையைப் புடிங்கக்கா!"

பிடித்தேன். கழுத்து தொங்கியவை போனது போக, மற்றவை பிழைத்துக்கொண்டன. பொழுது சாய்வதற்குள் தடித்த புது ஒயர் அவள் காட்டுக்கு மேலே நேராக வந்துவிட்டது. மோட்டார் போட்டதும் உறுமாமல் சுற்றியது.

இப்போது என் வீட்டு விளக்கும் பால் மாதிரிதான் எரிகிறது. விளக்கைப் பார்த்து வந்த பொறாமை போய்விட்டது. ஆனால், அன்று அவள் வேலியோரம் வந்து சத்தம் போட்டிருந்தால், ஏனென்று கேட்காமல் நான் மெயினை இறக்கியிருப்பேனா? இறக்கியிருக்க மாட்டேன். அப்படி ஒரு மனசு அவளுக்கு வாய்த்திருக்கிறதே என்று, சுவிட்சில் கை வைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது.