குங்குமம் வைத்த கூலர்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் என்னைவிட இரண்டு வயது மூத்தது. அதன் கதவோடு ஒட்டி வந்த பிளாஸ்டிக் கவர், நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போதும் அப்படியே இருந்தது. மஞ்சளாகப் பழுத்து, அங்கங்கே கொப்புளம் விட்டிருந்தாலும் உரிக்கக் கூடாது. ரிமோட்டுக்குக் கவர், மிக்ஸிக்குக் கவர், என் ஜியாமெட்ரி பாக்ஸ் மூடிக்குக்கூடக் கவர். அப்பாவுக்குத் தி. நகரில் பாத்திரக்கடை. ஸ்டிக்கர் கிழிந்த குடத்தைச் சீர்வரிசைக்கு யாரும் எடுக்கமாட்டார்கள், திருப்பிக் கொடுத்தால் மொத்த வியாபாரியும் வாங்கமாட்டான். கடைக்கு அது நியாயம்தான். அவர் அதை வீட்டுக்கும் சட்டமாக்கிவிட்டார். கவரை உரித்தால் நம் தோல் உரியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அப்போது எங்களோடு தேனாம்பேட்டை வீட்டில்தான் இருந்தார். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பாட்டு சேர்த்துக் கொடுப்பது அவர் தொழில். ஹால் மூலையில் ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் கைலியும் பனியனுமாக மாமா. அப்பாவின் அகராதியில் அது வேலையே இல்லை. ஊரான் வீட்டுக் கல்யாணத்தை உட்கார்ந்து பார்ப்பதற்கு ஒரு ஆளா என்பார். கடைசியில் ஒரு கெடு வைத்தார். கொட்டிவாக்கத்தில் ஒரு கல்யாண வீடு. பெண் திங்கட்கிழமை வெளிநாடு கிளம்புகிறாள், ஞாயிற்றுக்கிழமைக்குள் வீடியோ அவள் கைக்குப் போகவேண்டும். போய்ச் சேர்ந்தால் மாமா இஷ்டம்போல இருக்கலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை காலை பாத்திரக்கடையில் நிற்கவேண்டும். மாமா தலையை ஆட்டினார்.

கம்ப்யூட்டர்தான் காலை வாரியது. வெட்டி ஒட்டிய துண்டுகளையெல்லாம் ஒரே படமாக்கச் சொன்னால் கால்மணி நேரம் மூச்சிரைத்துவிட்டுப் பொட்டென்று அணைந்துபோகும். மாமா பக்கத்து மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனை வைத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கம்ப்யூட்டருக்கு மூளையாக இருக்கிற ப்ராசஸர் சூடு தாங்காமல் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது, அதன் தலையில் இருக்கும் குட்டி ஃபேன் போதாது, நல்ல கூலராக ஒன்று வாங்கி மாட்டவேண்டும் என்று எனக்கு விளக்கினார். வீட்டில் அவர் விளக்கங்களைக் கேட்க நான் ஒருத்திதான் இருந்தேன்.

சனிக்கிழமை காலை கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குக் கிளம்பினோம். கிளம்பும்முன் மாமா ஒரு காரியம் செய்தார். விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவி, கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ப்ராசஸர் மேல் நிறுத்தி, பக்கத்து மூடி மூடுகிற உயரத்துக்கு ஒடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அங்கே ஒரு கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “இன்னா நைனா, வெளக்கமாத்துக் குச்சியெல்லாம் எடுத்துக்கினு வந்துகீற” என்றார். மாமா கண்டுகொள்ளவில்லை. இரண்டு ஃபேன் வைத்த பெரிய கூலர் ஒன்றைக் கடைக்காரர் எடுத்து நீட்டினார், குச்சியை வைத்துப் பார்த்தால் இரண்டு விரல்கடை உயரம் கூடுதல். இன்னொன்று வண்ண விளக்கெல்லாம் எரியும், கல்யாண மண்டபத்துக்கு ஆகும், நமக்கு ஆகாது. தண்ணீரில் ஓடுவதன் விலையைக் கேட்டதும் மாமா அதைத் தொடக்கூட இல்லை. நான்கு செம்புக் குழாயும் ஒற்றை ஃபேனுமாகச் சாதுவாக இருந்த ஒன்று குச்சிக்குக் கீழே அடங்கியது. விலையும் மாமாவின் பைக்குள் அடங்கியது. கடைக்காரர் குச்சியைக் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாள் முழுக்க அளவு தெரியாமல் வந்து உயிரை வாங்குகிறவர்களுக்கு இதைக் காட்டவேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா ஸ்க்ரூ டிரைவர் இரவல் வாங்கக் கீழ்வீட்டுக்குப் போனார். போகும்போது, கூலரின் அடியில் மெல்லிசாக ஒரு கவர் இருக்கும், அதை உரித்து வை என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். உரித்தேன். அடிப்பக்கச் செம்பு முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தது. அடுப்படியிலிருந்து வந்த அம்மா, புதுசு இல்லையா, சும்மா விடலாமா என்று விரலை நனைத்துக் குங்குமத்தில் தொட்டு அதன் நட்டநடுவில் ஒரு பொட்டு வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அந்த நேரம் பார்த்து அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, “பாப்பா, அந்தக் கவர் கிவரையெல்லாம் உரிச்சுப்புடாதே. சேரலைன்னா திருப்பிக் குடுக்கணும்லா” என்றார்.

அவர் கைகழுவப் போன இடைவெளியில், மடியில் கிடந்த கவரை எடுத்துச் செம்பின்மேல் விளிம்பு பார்த்து ஒட்டி, விரலால் நீவிவிட்டேன். உரித்த தடமே தெரியவில்லை. அப்பா தட்டோடு சோபாவில் வந்து உட்கார்ந்து கவர் இருக்கிறதா என்று கேட்டார். “ம்” என்றேன். ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே வந்த மாமா, கவரை உரித்தாயிற்றா என்று கேட்டார். அதற்கும் “ம்” என்றேன். அந்த வயதில் எனக்கிருந்த சாமர்த்தியம் அவ்வளவுதான்.

மாமா ப்ராசஸர்மேல் பட்டாணி அளவு பேஸ்ட் வைத்தார். சூட்டை இழுத்துக் கூலருக்குக் கடத்துகிற பேஸ்ட் அது. கூலரைப் பக்கவாட்டில் பிடித்து அதன்மேல் இறக்கினார், அடியைப் பார்க்கவே இல்லை. நான் சொன்னதை அவர் எப்போதும் நம்புவார். நான்கு ஸ்க்ரூவையும் ஒரே மூச்சில் முடுக்காமல் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். பெட்டி மூடி சரியாக உட்கார்ந்ததும் குச்சியை என் தலையில் செருகிவிட்டுச் சிரித்தார். பிறகு படத்தை ஓடவிட்டார். கால்மணி நேரம்கூட ஆகவில்லை, பத்தே நிமிஷத்தில் அணைந்துபோனது. மறுபடி போட்டார், மறுபடி அணைந்தது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தால் எதிரே அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் கோபமாகக்கூட இல்லை. தட்டிலிருந்து தலையைத் தூக்கி, “திங்கக்கிழமை ஒம்பது மணிக்குக் கடை திறக்கணும், மாப்ள” என்றார். மாமா, “சரி அத்தான்” என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை.

கூலரைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று மாமா கழற்றினார். நான் பக்கத்தில் நின்றேன். திருப்பிப் பார்த்தால் பேஸ்ட் முழுவதும் கவரின்மேல் அப்பியிருந்தது. கவரைப் பிய்த்தார். அதற்கு அடியில் செம்பின் நடுவே அம்மா வைத்த குங்குமம். மாமா அதைக் கொஞ்சநேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். என்ன மாப்ள என்று கேட்டபடி அப்பா எழுந்து வந்தார். அவர் வந்து குனிவதற்குள் மாமா கைலி முனையால் அந்தக் குங்குமத்தை அழுத்தித் துடைத்துவிட்டார்.

“கவரை உரிக்க மறந்துட்டேன் அத்தான்” என்றார்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். உரிக்கவேண்டிய கவரும் உலகத்தில் உண்டு என்று அவருக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். மாமா செம்பைச் சுத்தமாகத் துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்து மாட்டினார். கம்ப்யூட்டர் சாயங்காலம்வரை முனகாமல் ஓடியது, ஞாயிற்றுக்கிழமை வீடியோ கொட்டிவாக்கம் போய்ச் சேர்ந்தது, மாமா கடைக்குப் போகவில்லை. ஆனால் அந்தக் கதை போகாத ஊர் இல்லை. எந்தக் கல்யாணப் பந்தியிலும் அப்பா ஆரம்பித்துவிடுவார், கவரோடு கூலரை மாட்டிய மேதாவி இவன்தான் என்று. பெண் பார்க்கப் போன இடத்தில்கூடச் சொன்னார். மாமாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம், மாமாவே தன் மறதி என்று நம்பிவிட்டார், தப்பித்தோம் என்றுதான் வருஷக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அடையாறில் என் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு கூலர் வாங்கினேன். கவரை உரித்துவிட்டுக் கூலரை மேஜையில் வைத்திருந்தேன். ஊரிலிருந்து திரும்பும் வழியில் வந்திருந்த அம்மா, பழக்கதோஷத்தில் அந்தச் செம்பின் நடுவில் ஒரு பொட்டு வைத்தாள். ஒரு கையில் உரித்த கவர், எதிரே பொட்டு. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உரிக்க மறந்த கூலராக இருந்திருந்தால் பொட்டு கவருக்கு மேலே அல்லவா இருந்திருக்கும். மாமா பேஸ்ட் வைப்பதற்காகத் துடைக்கிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.