டைகர் தின்ற துபாய் மாத்திரை

எங்கள் வீட்டில் துபாய் மாமாவின் பெயர் கெட்டது ஒரு மாத்திரை டப்பாவால். அம்மாவுக்கு முட்டிவலி என்று கேள்விப்பட்டு, நூற்றிருபது மாத்திரை கொண்ட பெரிய டப்பாவை அவர் கொடுத்தனுப்பியிருந்தார். தினம் இரண்டு. ஐம்பது நாள் ஆகியும் அம்மா நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுதாள். "உன் தம்பி டுபாக்கூர் மருந்த அனுப்பிட்டான்" என்று அத்தா கிண்டலடிப்பார். தம்பியை ஒரு சொல் சொன்னால் வீட்டை இரண்டாக்கிவிடும் அம்மா, இதற்கு மட்டும் வாயே திறக்கவில்லை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் வீட்டுக்குப் பின்னாலேயே அத்தாவின் மரக்கடை. அதற்குக் காவல் டைகர். பெயர்தான் டைகர், வயதாகிப்போய்ப் பின்னங்கால்களை இழுத்து இழுத்து நடக்கும். படி தாண்டி வந்தால் அம்மா துடைப்பத்தை எடுப்பாள். எங்கள் மார்க்கப்படி நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கரைத்த தண்ணீரால். அந்த வேலை கடைசியில் அம்மா தலையில்தான் விழும். ஆகவே அவளுக்கு டைகரைக் கண்டாலே ஆகாது என்று நம்பியிருந்தோம். காலையில் குழாயடியில் அவள் நெடுநேரம் கை கழுவுவதைப் பார்த்து, சுத்தக்காரி என்று வேறு பெருமைப்பட்டேன்.

நான் நாலாவது படித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த டப்பா கொல்லையில் குதறப்பட்டுக் கிடந்தது. உள்ளே ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் டைகர் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது.

"உப்புத் தண்ணிய ஊத்துங்க, வாந்தி எடுத்துரும்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொம்போடு ஓடிவந்தார். நல்லவேளை, அத்தா அதற்குள் தாம்பரத்து மாட்டு டாக்டருக்கு போன் போட்டிருந்தார். உப்புத் தண்ணீர் கூடவே கூடாது, டப்பாவோடு உடனே வாருங்கள் என்றார் அவர். ஆட்டோவில் டைகரின் தலையை மடியில் வைத்துக்கொண்டது அம்மாதான். வழியெல்லாம் அவள் புடவையில் எச்சில் ஒழுகியது.

"எத்தன தின்னுருக்கும்?" என்றார் டாக்டர்.

அத்தா வியாபாரி அல்லவா, கணக்கு நாக்கு நுனியில் இருந்தது. "தினம் ரெண்டு, அம்பது நாளு. மிச்சம் இருவதுதான் சார்."

"அவ்ளோதானா? ஒரு ஊசி போட்டு அனுப்பிடலாம்."

"எழுவது" என்றாள் அம்மா.

எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"நான் ஒன்னுகூட முழுங்கல டாக்டர். தினம் காலைல ஒன்னு, இட்லில வெச்சு இதுக்குத்தான் குடுத்தேன். எழுந்திரிக்க முடியாம கெடந்துச்சு. நானும் தின்னா இதுக்குச் சீக்கிரம் தீந்துரும்னு விட்டுட்டேன். அந்த ருசியிலதான் டப்பாவ இழுத்துருக்கும்."

டாக்டரின் முகம் மாறியது. வாந்தியெடுக்க ஊசி போட்டார், கரி மருந்து கொடுத்தார், குளுக்கோஸ் ஏற்றினார். ஈரல் தப்ப வேண்டும் என்றார். மாலை வரை அம்மா அதன் பக்கத்திலேயே நின்றாள். அஸர் தொழுகை நேரம் தாண்டி டைகர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. இனிப் பயமில்லை என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா குழாயடியில் குந்திப் புடவையை அலசினாள். இப்படியொரு பொய்யை நான் சொல்லியிருந்தால் முதுகு பழுத்திருக்கும்; அவளை அத்தா ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றி, "ஒன்னு... ரெண்டு..." என்று எண்ணினார். ஏழானதும் எழ முடியாமல் தவித்தவளுக்குக் கை கொடுத்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா விசும்பி விசும்பி அழுதாள்.

எனக்குப் பாவமாக இருந்தது. "அழாதம்மா, ஏழு தடவ கழுவியாச்சு. எச்சில் போயிடுச்சு" என்று தேற்றினேன். அவள் அழுதது எச்சிலுக்காக என்றே வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.