உட்கார்ந்து ஊற்றிய தேநீர்

ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள் என்று சின்ன வயதிலேயே எனக்குப் பெயர். தலை பின்னி முடிப்பதற்குள் இரண்டு தடவை எழுந்து ஓடுவேன். அம்மா பாதிப் பின்னலைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பாள். கல்யாணமாகி மோகனூர்ப் பக்கம் வந்தபோது அந்தக் கால்களையும் கூடவேதான் கொண்டுவந்தேன். ஆனால் அங்கே எனக்கு நடக்க இடமில்லை. வீடு பெரிது, தோட்டம் பெரிது, காவிரி கூப்பிடு தூரம். இருந்தும் புது மருமகள் தன்னிச்சையாகப் போகக்கூடிய இடங்கள் சமையல் கட்டும் கிணற்றடியும்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கண்ணயர்ந்த பிறகு, தின்றதைச் செரிக்க வைக்கக்கூட வேலை இல்லாமல் நான் அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவே நடந்துகொண்டிருப்பேன்.

என் வீட்டுக்காரர் சேலத்தில் ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியராக இருந்தார். எப்போதாவதுதான் ஊருக்கு வருவார். வந்தால் தன் அம்மாவிடம் பேசுவார், பண்ணையத்து ஆளிடம் பேசுவார், மாட்டிடம்கூடப் பேசுவார். என்னிடம் "தண்ணி" என்பார், "துண்டு" என்பார். சேலத்தில் அவர் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டதே மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னைக் கூட்டிப்போவாரா, இங்கேயே விட்டுவைப்பாரா? அந்த வருஷம் முழுக்க அந்தக் கேள்விதான் எனக்கு. நேரே கேட்க வாய் வரவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

அப்போதுதான் சப் கலெக்டர் துரை, வருஷா வருஷம் கிராமக் கணக்குப் பார்க்கும் ஜமாபந்திக்காக ஆற்றங்கரை பங்களாவில் வந்து தங்கினார். துரைசானியும் கூட வந்திருந்தாள். என் வீட்டுக்காரர் எப்படியோ துரையைப் பார்த்துப் பேசி, ஒரு சாயங்காலம் இருவரும் எங்கள் வீட்டுக்குத் தேநீர் சாப்பிட வருவதாக ஏற்பாடு செய்துவிட்டார். டீ பார்ட்டி என்றார். எங்கள் ஊரில் அந்த வார்த்தையை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. தேயிலையையே நாங்கள் சந்தையில்தான் பார்த்திருந்தோம். தேயிலைக் கம்பெனி வண்டிக்காரன் ஒருவன் வந்து, வாங்குவாரில்லாமல் சும்மாவே எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் தன் அம்மாவிடம் சொன்னது கதவுக்குப் பின்னால் நின்ற என் காதில் விழுந்தது.

"பார்ட்டி நல்லபடியா முடியட்டுமுங்கம்மா. அதைப் பார்த்துப்போட்டு இவளைச் சேலத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறதைப் பத்தி யோசிக்கலாம்."

போதாதா எனக்கு? மறுநாளிலிருந்து பேய் பிடித்த மாதிரி வேலை செய்தேன். சேலத்திலிருந்து பீங்கான் கோப்பைகளும் ஒரு பீங்கான் கெண்டியும் வைக்கோலில் பொதிந்து வந்தன. மூக்கு நீண்ட அந்தக் கெண்டியில் வெறும் தண்ணீரை நிரப்பி, பார்ட்டி முடியும் வரை ஊரிலேயே தங்கிவிட்ட என் வீட்டுக்காரர் தினமும் மத்தியானம் எனக்குப் பாடம் நடத்தினார். முதலில் விருந்தாளிக்கு, கோப்பை நிறையாமல், தட்டில் சிந்தாமல். அஸ்கா சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்க வேண்டும். பால் தனியாக. எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம் ஒன்று இருந்தது.

"வீட்டு எசமானிதான் ஊத்தோணும். உக்காந்துதான் ஊத்தோணும். யாரு வந்தாலும் எந்திரிக்கக் கூடாது. அவங்க வழக்கத்துல ஆம்பளைங்கதான் எந்திரிப்பாங்க. தெரிஞ்சுதா?"

தெரிந்தது. ஆனால் உடம்புக்குத் தெரியவில்லையே! எங்கள் பக்கத்தில் மாமனார் முறை உள்ளவர் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டாலே மருமகள் எழுந்துவிட வேண்டும். "வாங்க" என்று ஒரு வார்த்தை, ஒரு சொம்புத் தண்ணீர், அப்புறம் கதவுக்குப் பின்னால். அந்த "வாங்க"வைச் சொல்லாமல் விட்டு, தலைமுறைக்கும் பேச்சு வார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து பழகும்போது வாசலில் கோழி ஓடினாலும் நான் எழுந்துவிடுவேன். அவர் தலையில் அடித்துக்கொள்வார். நான் புடவைக் கொசுவத்தை நாற்காலிக் காலில் முடிந்துகொண்டு பழகினேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே முடிந்தேன்.

அந்த நாளும் வந்தது. சேலத்திலிருந்து வந்த ரொட்டி வழியிலேயே காய்ந்து விறைத்திருந்தது. அதை மெல்லிசாக அறுத்து, நடுவே வெள்ளரிக்காய் வைக்கச் சொன்னார். இதைத் தின்னவா இத்தனை தூரம் வருகிறார்கள் என்று மாமியார் முகத்தைச் சுளித்தார். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு தட்டு வெல்லக் கச்சாயம் சுட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். துரைசானி ரொட்டியை ஒரு கடி கடித்ததோடு சரி. கச்சாயத்தைத்தான் மறுபடி மறுபடி எடுத்தாள்.

துரையும் என் வீட்டுக்காரரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். துரைசானிக்கு அரைகுறைத் தமிழ் வந்தது. "நல்லா இருக்கு", "போதும்", "பிள்ளை இருக்கா?" இவ்வளவுதான். என் கையைப் பார்த்தாள், வளையலைப் பார்த்தாள். அப்புறம் சிரித்துக்கொண்டே, "நீ சேலம் வரணும். என் வீடு வரணும். டீ சாப்பிடணும்" என்றாள். எனக்கு நெஞ்சு ஒரு தடவை துள்ளியது. வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் முகத்தில் சந்தோஷம். பாதி சேலம் போய்விட்ட மாதிரிதான் எனக்கு.

இரண்டாவது கோப்பைக்குக் கெண்டியைத் தூக்கியபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

என் வீட்டுக்காரரின் பெரியப்பா. மாமனார் காலமான பிறகு அந்தக் குடும்பத்துக்கு அவர்தான் எல்லாம். எதிர் வீட்டில் இருந்தார். மாடு தின்கிறவர்கள் உட்காரும் இடத்துக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். வேடிக்கை பார்க்கும் ஆசை யாரை விட்டது? வந்துவிட்டார். உள்ளே நுழைந்தவர் கண்ணில் முதலில் பட்டது நான்தான். ஆண்களுக்குச் சரிசமமாக, நாற்காலியில், கையில் கெண்டியோடு.

துரை எழுந்தார். என் வீட்டுக்காரர் எழுந்தார். நான் எழுந்திருக்கவில்லை. உடம்பில் ஒவ்வொரு நரம்பும் எழு எழு என்றது. கெண்டியில் கொதிக்கிற தேநீர். யார் வந்தாலும் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னவர் எதிரிலேயே நிற்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே, "வாங்க மாமா" என்றேன்.

பெரியப்பா தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். என் வீட்டுக்காரர் விருந்தாளிகளை அப்படியே விட்டுவிட்டு அவர் பின்னால் ஓடினார். என் பிறவியில் நான் அசையாமல் உட்கார்ந்தது அந்த ஒரு சாயங்காலம்தான். அதற்குத்தான் அத்தனை பாடும்.

விருந்தாளிகள் போன பிறகு எதிர் வீட்டில் பஞ்சாயத்து நடந்தது. திரும்பி வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. மாமியார்தான் சமையல் கட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்.

"உன்னை ஒரு வருசம் இங்கயே வெச்சுப் பழக்க வழக்கம் சொல்லிக் குடுக்கோணுமாம் அம்மிணி. உங்க பெரிய மாமா சொல்லிப்போட்டாரு. இவனும் சரின்னுட்டான்."

"எந்திரிக்கக் கூடாதுன்னு சொன்னதே அவருதானுங்கத்தை!"

"எனக்குந் தெரியுமுல்ல. நானும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்."

"அங்க அதைச் சொன்னாருங்களா?"

மாமியார் அடுப்பு விறகைத் தள்ளிவிடுவது போலக் குனிந்துகொண்டார். சொல்லவில்லை என்று புரிந்தது. எனக்குத் துக்கம் வரவில்லை. கோபம் வந்தது. ஒரு வார்த்தை, "நான்தான் சொன்னேன்" என்று ஒரே ஒரு வார்த்தை. அதற்கு வாய் வராதவர் கோர்ட்டில் நின்று எப்படித்தான் வாதாடினாரோ!

மறுநாள் விடிந்ததும் அவர் சேலம் கிளம்ப வண்டி பூட்டினார்கள். நாமக்கல் வரை வண்டி, அங்கிருந்து பஸ். அவர் உள்ளே தன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் நான் என் துணியை மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். வெளியே வந்தவர் திகைத்துப் போனார்.

"என்ன இது? இறங்கு."

"இல்லீங்க. நானும் வாரேன்."

"பெரியப்பா பாத்துக்கிட்டிருக்காரு. இறங்குன்னா."

எதிர் வீட்டு வாசலில் பெரியப்பா நின்றுகொண்டுதான் இருந்தார். தெருவில் இரண்டு வீட்டுக் கதவுகள் திறந்தன. பெண்டாட்டியைக் கையைப் பிடித்து இழுத்து இறக்கினால் அதற்கும் ஊர் சிரிக்கும். நான் மூட்டையை மடியில் இறுக்கிக்கொண்டேன். மாமியார் வெளியே வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு பருப்பு மூட்டையை வண்டிக்குள் தள்ளிவிட்டு, "ரெண்டு பேருக்குக் காணும்" என்றார். மகன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். என் வீட்டுக்காரர் வேறு வழியில்லாமல் ஏறினார்.

வண்டி ஊர் எல்லையைத் தாண்டியது. அப்புறம் அவர் வெடித்தார்.

"பெரியப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அவரை நான் வாங்கன்னு கேட்டனுங்க. உக்காந்துக்கிட்டாவது கேட்டேன்." நிறுத்த முடியவில்லை. "அந்தத் துரைசானி யாரோ எவரோ. அவுங்களே சேலத்துக்கு வரோணும்னு சொன்னாங்க. கட்டிக்கிட்டவரு நீங்க, என்னை வான்னு ஒரு நாளாவது கூப்பிட்டிருக்கீங்களா?"

வண்டிக்காரர் காது கேட்காதவர் போல மாட்டைத் தட்டினார். என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாமக்கல் மலை கண்ணில் படும் வரை நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே மூட்டை முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தேன். இதே வண்டியில் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று நிச்சயமாக நினைத்தேன்.

பஸ் நிற்கும் இடத்தில் அவர் முதலில் இறங்கினார். நான் அசையவில்லை. அவர் பெட்டியை இறக்கினார், பருப்பு மூட்டையை இறக்கினார். பஸ்ஸுக்குக் காத்திருந்த ஜனங்கள் எங்களையே பார்த்தார்கள். அவருக்குக் காது மடல் சிவந்திருந்தது. என்னைப் பார்த்தார். நேராக என் முகத்தைப் பார்த்து, அத்தனை பேர் நடுவில், "வா" என்றார்.

இறங்கினேன்.