காலையில் எழுதி வைத்த பக்கம்

மின்னல் என்பது அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர். ஆள் ஒன்றும் மின்னல் இல்லை; ஆறிப்போன டீயையே அரை மணி நேரம் குடிப்பவள். அவள் போட்ட வலைப்பக்கங்கள்தான் கண் சிமிட்டுவதற்குள் திறக்கும்.

எந்த ஆஸ்பத்திரியில் எந்த வகை ரத்தம் இருக்கிறது என்று காட்டும் தளம் அவற்றில் ஒன்று. முன்பெல்லாம் யார் கேட்டாலும் அந்த நிமிஷமே, ஆஸ்பத்திரிகள் அவ்வப்போது இருப்பைப் பதியும் டேட்டாபேஸைப் பார்த்துப் பக்கத்தைத் தயாரித்துக் கொடுக்கும். கூட்டம் கூடினால் திணறிப் படுத்துவிடும். மேலாளர் காது கிழியக் கத்துவார். அவள்தான் வழி சொன்னாள்: காலையில் ஒரே ஒரு முறை டேட்டாபேஸைப் படித்து எல்லாப் பக்கங்களையும் எழுதி வைத்துவிடுவது, நாள் முழுக்க அதையே காட்டுவது. அதன் பிறகு தளம் படுக்கவே இல்லை. சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு மத்தியானம் அண்ணன் போன் செய்தான். அண்ணிக்குக் குழந்தை பிறந்துவிட்டது, ரத்தப்போக்கு நிற்கவில்லை.

“ஓ நெகடிவ் வேணுமாம். இங்க இல்லைங்கிறாங்க. எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லு, சீக்கிரம்!”

பக்கம் உடனே திறந்தது. அண்ணி இருந்த இடத்துக்கு எதிர்த்தெரு ஆஸ்பத்திரியில் இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது.

“அக்கரைக்குப் போண்ணா!”

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அவள் பார்த்தது காலையில் எழுதி வைத்த பக்கம். ஊருக்கெல்லாம் அதைச் செய்து கொடுத்தவளே அதை மறந்துபோனாள். டேட்டாபேஸை நேராகத் திறந்தாள். எதிர்த்தெருவில் இப்போது இருந்தது. அக்கரையில் தீர்ந்துபோயிருந்தது.

அண்ணன் போனை எடுக்கவில்லை. பாலத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான். மறுபடி அடித்தாள், மறுபடியும். அண்ணியை நானே கொன்றுவிட்டேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

கடைசியில் அவனே கூப்பிட்டான்.

“ரத்தம் ஏறிட்டிருக்கு. உங்க அண்ணி கண்ணத் திறந்துட்டா.”

“அக்கரைக்குப் போகலையா?”

“எதுக்கும் ஒரு வார்த்தை கேப்போம்னு எதிர்த்தெருவுல நுழைஞ்சேன், கிடைச்சுது. உன் கம்ப்யூட்டர நான் என்னிக்கு நம்புனேன்?”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

“வாசல்ல ஒருத்தர், பாவம், போனைக் காட்டி, ‘இங்க இல்லைன்னு போட்டிருக்கு, உள்ள போய் நேரத்த வீணாக்காதீங்க’ன்னாரு. சொல்லிட்டு ஓட்டமா ஓடிட்டாரு.”

“எங்கண்ணா?”

“அக்கரைக்குத்தான்.”

அவர் யார், யாருக்காக ஓடினார் என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் கடைசிவரை தெரியவில்லை.

இப்போது அந்த ரத்தப் பக்கம் ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸைக் கேட்டுவிட்டுத்தான் திறக்கிறது. கூட்டம் கூடினால் திணறுகிறது, மேலாளர் மறுபடியும் கத்துகிறார். அவரிடம் அவள் எதிர்த்துப் பேசுவதில்லை, காலையில் எழுதி வைக்கும் முறைக்குத் திரும்புவதும் இல்லை. மின்னல் என்று யாராவது கூப்பிட்டால் மட்டும் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.