கண்ணை மூடினவருக்குக் காது உண்டு

மனோவசியத் தொழிலுக்கு வருகிறவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணை மூடிவிட்டால் நாம் ஜெயித்துவிட்டோம் என்று எண்ணக் கூடாது என்பது. எனக்குத் தபாலில் வந்த பாடங்களில் அது மட்டும் இல்லை.

எழுபதுகளின் நடுவில் இரண்டரை வருஷம் நான் இந்தத் தொழிலைச் செய்தேன். திருவள்ளூர் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், மணவாள நகரில் ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு போர்டு. அவ்வளவுதான் என் ஆஸ்பத்திரி. ஏதாவது ஒரு தொழிலை அரைகுறையாகக் கற்றுக்கொண்டு அடுத்தவர் தலையில் பழகிப் பார்த்த பாவம் உங்களுக்கும் இருக்கும். அந்த தைரியத்தில்தான் உங்களிடம் சொல்கிறேன். சில விஷயங்களுக்கு நீங்கள் சிரிக்கலாம். முனிரத்தினம் விஷயத்துக்குச் சிரிக்க முடியாது. தன் வேலை போகாமல் காப்பாற்றுவேன் என்று நம்பி அவர் என்னிடம் வந்தார். நான் அவருக்குச் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பதினாறு பாடங்கள்

பி.யூ.சி.யில் இரண்டு தடவை கோட்டை விட்டவன் நான். ஒரு பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் விளம்பரம் பார்த்தேன். பதினாறே பாடங்களில், வீட்டில் இருந்தபடியே, மனோவசிய நிபுணர் ஆகலாம். பணம் கட்டியதும் வாரம் ஒரு கவர் வந்தது. குரலை எப்படித் தாழ்த்துவது, இமைக்காமல் எப்படிப் பார்ப்பது, பத்திலிருந்து ஒன்று வரை எவ்வளவு மெதுவாக எண்ணுவது என்று எல்லாம் இருந்தது. ஏழாம் பாடத்தை என் மனைவி வைதேகியிடம் பரீட்சித்துப் பார்த்தேன். "உன் கண் கனக்கிறது, கனக்கிறது" என்று நான் இருபது தடவை சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கி முடித்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பதினாறாம் கவரில் சர்டிபிகேட் வந்தது. அதைக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். எங்களுக்குப் பரம்பரையாகப் பெருமாள் கோயிலில் கைங்கரியம். என்னையும் அதில் இழுத்துவிட அப்பா பார்த்துக்கொண்டிருந்த சமயம். சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பெருமாளையே பள்ளிகொள்ளப் பண்ற வம்சம்டா நம்மது. மனுஷாளைத் தூங்கப் பண்றதுக்குத் தபால்ல போய்க் கத்துண்டு வந்திருக்கியே!"

பொடி டப்பி

அமாவாசைக்கு அமாவாசை ஊர் ஊராக நோயாளிகள் திருவள்ளூருக்கு வந்து கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். வெல்லம் கரைவதுபோல வியாதி கரையும் என்பது நம்பிக்கை. நான் அதற்கு முதல் நாளே பஸ் ஸ்டாண்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிடுவேன். பெருமாளைத் தேடி வந்த கூட்டத்திலிருந்து வெட்கமில்லாமல் ஆள் பிடித்தேன்.

அப்படி மாட்டியவர்தான் பொதட்டூர்பேட்டை நூல் வியாபாரி. மூக்குப்பொடியை விட வேண்டுமாம். நாற்காலியில் உட்காரவைத்து, மூன்றாம் பாடத்தில் சொன்னபடி உள்ளங்கையை அவர் நெற்றியில் வைத்து, எண்ண ஆரம்பித்தேன். கண்ணை மூடினார். தலை தொங்கியது. எனக்கு ஒரே சந்தோஷம். "பொடியைக் கண்டாலே குமட்டுகிறது" என்று கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற குரலில் கால் மணி நேரம் சொன்னேன். மனோவசியம் என்றால் என்ன எதிர்பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது தூக்கம் இல்லை. உடம்பு தளரும், மனசு ஓர் இடத்தில் நிற்கும், காது நன்றாகக் கேட்கும். பிடிக்காத எதையும் யாரும் உங்களைச் செய்ய வைக்க முடியாது. இதையெல்லாம் எனக்கு அந்த வியாபாரியே அன்று கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். நான்தான் கற்றுக்கொள்ளவில்லை. அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "தம்பி, இன்னும் எம்மா நேரம் இப்பிடியே குந்திக்கினு இருக்கணும்? நான் நாலு மணி பஸ்ஸ புடிக்கணும்."

ஒரு சாண்

முனிரத்தினமும் ஓர் அமாவாசையன்று குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு, நோட்டீஸைப் பார்த்து வந்தவர்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். காக்கிச் சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தார். கும்மிடிப்பூண்டியில் தகர டப்பாக்களுக்கு மூடி அடிக்கும் கம்பெனி ஒன்றில் பிரஸ் ஓட்டுகிறவர். தகட்டைக் கையால் உள்ளே வைக்க வேண்டும், காலால் பெடலை மிதிக்க வேண்டும். மேலேயிருந்து அச்சு இறங்கி மூடியை வெட்டும். ஒரு நாள் பக்கத்து மெஷினில் தேவராஜ் என்பவருக்கு இரண்டு விரல் போனதை இவர் கண்ணால் பார்த்துவிட்டார். மறுநாளிலிருந்து இவர் கை உள்ளே போக மறுத்துவிட்டது.

நாலு வருஷமாக டெம்பரரி. ஆயுத பூஜை அன்று மெஷின்களுக்குப் பொட்டு வைத்த கையோடு பர்மனென்ட் லிஸ்ட் படிப்பார்கள். அதற்குள் கை ஓடாவிட்டால் லிஸ்ட்டும் இல்லை, வேலையும் இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். பூஜைக்கு இரண்டே மாதம் இருந்தது. கையை என் முன்னால் நீட்டி, விரல்களை மடக்கி விரித்துக் காட்டி, முனிரத்தினம் சொன்னார்: "மத்த எடத்துல நல்லாத்தான் கீது சாமி. சோறு துன்னுது, புள்ளைய தூக்குது. அந்த மெஷினாண்ட போனா மட்டும் ஒரு சாண் தூரத்துல நின்னுடுது."

ஸ்பெஷல் வைத்தியம்

இனி எழுதுவதற்கு எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. முனிரத்தினம் எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்தேன். காலனி என்றார். நெற்றியில் கை வைக்க வேண்டிய இடம் வந்தது. நூல் வியாபாரிக்கு வைத்தேன், போஸ்ட்மேனுக்கு வைத்தேன், ஸ்கூல் வாத்தியாருக்கு வைத்தேன். இவருக்கு வைக்கவில்லை. மேஜைமேல் கிடந்த மர அடிஸ்கேலை எடுத்து அதன் முனையால் அவர் நெற்றியைத் தொட்டேன். "ஆழமான கேஸுக்கு இதுதான் முறை" என்று ஒரு பொய்யும் சொன்னேன். அவர் போனதும் நாற்காலியைக் கொல்லைப்பக்கம் தூக்கிக்கொண்டுபோய் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். யாரும் சொல்லி இதைச் செய்யவில்லை. மனசை வசப்படுத்தும் நிபுணர் என்று போர்டு மாட்டியவன், தன் மனசில் என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இதில் கொடுமை, முனிரத்தினம் அந்த ஸ்கேலைப் பெருமையாக நினைத்துக்கொண்டதுதான். அடுத்த வாரம், காத்திருந்த போஸ்ட்மேனிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது: "உங்களுக்கெல்லாம் வெறும் கை. எனுக்கு மட்டும் கட்டைய வெச்சு ஸ்பெஷல் வைத்தியம்."

பயமே இல்லை

ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறி, பெரியபாளையம் வழியாக வருவார். நானும் புத்தகத்தில் இருந்தபடியே, "உனக்குப் பயம் இல்லை, கொஞ்சம்கூடப் பயம் இல்லை" என்று ஓதிக்கொண்டிருந்தேன். நான்கு வாரம் போயிற்று. கை ஒரு சாணிலிருந்து அரைச் சாணுக்கு வந்திருந்தது. அதற்குமேல் நகரவில்லை. எனக்கு எரிச்சல். "நான் சொல்றதை உள்ளே வாங்கிக்கறயா இல்லையா?" என்று அதட்டினேன்.

அந்த மெஷின் எப்படி ஓடுகிறது, தேவராஜுக்கு அன்று என்ன நடந்தது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. டாக்டரானாலும் மனோவசியக்காரனானாலும் முதலில் செய்ய வேண்டியது அதுதான். முனிரத்தினம் கோபப்படவில்லை. தரையைப் பார்த்தபடி சொன்னார்: "பயம் இல்லாததாலதான் சாமி தேவராஜு வெரலே பூடுச்சி. அவன் பேசிக்கினே மெஷின் ஓட்டுவான்."

சாப்பாட்டுக் கேரியர்

ஐந்தாம் ஞாயிறு முனிரத்தினம் நன்றாகத் தளர்ந்து, கை இரண்டும் மடியில் கிடக்க, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மூச்சு சீராக வந்தது. அப்போது வைதேகி சாப்பாட்டுக் கேரியரோடு வாசலில் வந்து நின்றாள். "ஏன்னா, இதை எங்கே வைக்கட்டும்?" என்று மெதுவாகக் கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். "அங்கேயே வை, கிட்ட வராதே. காலனிக்காரன் உக்காந்திருக்கான். போனப்புறம் நாற்காலியை அலம்பணும்." வைதேகி ஒரு விநாடி என்னைப் பார்த்தாள், கேரியரைத் திண்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். முனிரத்தினத்தின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. தூங்குகிறார் என்று நினைத்தேன். ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணி எழுப்பினேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறும் வந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உள்ளே வந்தவர் நாற்காலிக்குப் பக்கத்தில்கூடப் போகாமல், கதவோரம் கைகட்டி நின்றார். "உட்காருங்க" என்றேன். அதுவரை "உட்காரு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், அன்றைக்கு ஏனோ மரியாதை தானாக வந்தது. அவர் குரலை உயர்த்தவே இல்லை. "நாற்காலிய கழுவுறது உங்களுக்கு பேஜாரு சாமி. நான் நின்னுக்கினே கண்ண மூடிக்கிறேன்."

கும்மிடிப்பூண்டி

நான் என்னத்தையோ உளறினேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார், பிறகு போய்விட்டார். அடுத்த வாரம் வரவில்லை. ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. பாதியில் விட்ட வைத்தியத்தோடு அந்தக் கை அரைச் சாண் தூரத்தில் நின்றுகொண்டிருக்கும், நாலு வருஷ வேலை போய்விடும், காரணம் நான். இதையே சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். வைதேகி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இங்கே உக்காந்து பச்சாதாபப்பட்டா அவருக்கு வேலை கிடைச்சுடுமா?" என்றாள். மறுநாளே பஸ் ஏறினேன். வழியெல்லாம் புத்தகத்தை மறந்துவிட்டுப் புதிதாக வாக்கியம் கட்டினேன். கை உள்ளே போகும், தகட்டை வைக்கும், வெளியே வரும். கை வெளியே வந்த பிறகுதான் கால் மிதிக்கும். பயம் ஒரு ஓரமாக இருந்து பார்த்துக்கொள்ளட்டும்.

விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனபோது மத்தியானம். முனிரத்தினம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கன்னியம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே, "தப்பு பண்ணிட்டேன்" என்றேன். "தூங்குறான்னு நெனச்சா இன்னா வேணா பேசுவியா?" என்று அந்தம்மா கேட்டார். முனிரத்தினம் கையமர்த்தினார். "மன்னிப்பு கின்னிப்பெல்லாம் அப்பால பாத்துக்கலாம் சார். பூசைக்கு நாலு நாள்தான் கீது. கைய ஓட வெக்க முடியுமா, முடியாதா?" சாமியாக இருந்தவன் சார் ஆகியிருந்தேன். அதுவே எனக்கு அதிகம்.

கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்தேன். எண்ண ஆரம்பித்தேன். அவர் கண்ணை மூடினார். என்னை நம்பி மூடவில்லை, வேறு வழியில்லாமல் மூடினார். ஸ்கேலைக் கொண்டுவரவில்லை. உள்ளங்கையை நெற்றியில் வைக்க வேண்டும், அதற்காகத்தானே வந்தேன். கையைத் தூக்கினேன். அது பாதி வழியில் நின்றுவிட்டது. போ என்று மனசு சொல்கிறது, போக வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன், கை அசையவில்லை. கன்னியம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணிக்கை நின்றுபோய் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். முனிரத்தினம் மூடிய கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "இப்போ தெரியுதா சார்? எனுக்கும் இப்பிடித்தான். கிட்டப் போனா கை நின்னுடும்."

அன்றைக்குக் கையை எப்படியோ வைத்துவிட்டேன், அவர் கையும் மெஷினுக்குள் போய்வந்தது, நாலாம் நாள் அவர் பெயரும் லிஸ்ட்டில் வந்துவிட்டது; ஆனாலும் இந்த வைத்தியத்தால் தேறிய ஒருவரைக் காட்டு என்று யாராவது கேட்டால், நோயாளி என்று என்னைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது, அதுவும் பாதிதான் தேறியவன்.