வலிப்புக்குப் பிறகு வாய்ப்பாடு

எனக்கு வலிப்பு வந்தால் வீட்டார் முதலில் ஆள் அனுப்புவது வைத்தியரிடம் அல்ல, சங்கக்கடைக்கு. இரும்பைக் கையில் பொத்திக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்பது நம்பிக்கை. எங்கள் குடியேற்றத்தில் கனமான இரும்புத் திறப்பு, பூட்டுச் சாவி, கூட்டுறவுச் சங்கக் கடையில்தான் இருந்தது. அதன் மனேஜர் என் சித்தப்பா. திறப்பு இடுப்பில் ஆட, சைக்கிளில் பறந்து வருவார். அவர் வந்து சேர்வதற்குள் வலிப்பு பெரும்பாலும் தானாகவே ஓய்ந்திருக்கும். பெயர் மட்டும் திறப்புக்குப் போய்விடும்.

இது ஐம்பதுகளின் பிற்பகுதி. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிய குடும்பம் எங்களுடையது. அண்ணன்மார் வயலுக்கு, நான் படிப்புக்கு என்று ஐயா எங்களைப் பிரித்து வைத்திருந்தார். பள்ளி இறுதிப் பரீட்சையான எஸ்.எஸ்.சி. சோதனை நெருங்கிய வருடத்தில், வாய்க்கால் கட்டின் மேல் நடந்துபோன நான் சேற்றில் விழுந்து கைகால் இழுக்கக் கிடந்தேன். அதற்குப் பிறகு மாதம் தவறவில்லை.

திறப்பை நான் மன்னிப்பேன். அதற்குப் பிறகு நடந்த விசாரணையைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. நான் கண் திறந்த உடனே, மூளை மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, சித்தப்பா முகத்துக்கு நேரே குனிந்து வாய்ப்பாடு கேட்பார்.

“தம்பி, ஏழெட்டு எவ்வளவு?”

“மாடு.”

“என்னடா?”

“மாட்டைக் கட்டுங்கோ.”

வேலியில் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

“மூளை கலங்கிப்போச்சு, அண்ணை,” என்று சித்தப்பா ஐயாவிடம் சொன்னார். “படிக்கப் படிக்க இன்னும் சூடேறும். நிற்பாட்டுங்கோ.”

அந்த நேரத்தை உள்ளேயிருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். கேள்வி கேட்கிறார்கள் என்பது விளங்கும். பதிலைத் தேடிப் போனால் எல்லாக் கதவும் சாத்திக் கிடக்கும். எந்தச் சொல் அருகில் கிடக்கிறதோ அது வாயில் வந்து விழும். பிறகு எல்லாரும் தீர்ப்போடு கலைந்து போவார்கள். நான் பாயில் கிடந்து கூரையின் கைமரங்களை எண்ணுவேன். முதலில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு வரும். இரண்டு தடவை தொடர்ந்து பதினொன்று வந்தால், தலை என்னிடம் திரும்பிவிட்டது என்று அர்த்தம். அப்போது ஏழெட்டுக்கும் பதில் தெரியும், அதைக் கேட்கத்தான் பக்கத்தில் ஆள் இராது. கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணும் என் பழக்கத்தை இப்போது என் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். அது எங்கே தொடங்கியது என்று அவர்களுக்குத் தெரியாது.

வலிப்பு என்னிடமிருந்து எதையும் எடுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. சில பின்னேரங்கள் எனக்கு இல்லவே இல்லை. முதல்நாள் பாடமாக்கிய செய்யுள் அடுத்தநாள் இராது. வவுனியா ஆஸ்பத்திரியில் தந்த குளிசை மாத்திரையும் தன் பங்குக்குப் பேச்சை இழுத்துப் பிடித்தது. எடுத்தவை அவை. எடுக்காததையும் எடுத்ததாக எழுதி வைக்க எவருக்கு உரிமை?

சோதனைக்கு என் பெயரை அனுப்ப வேண்டாம் என்று தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிடுவதாக ஐயா முடிவெடுத்தார். மறுநாள் போவதாக இருந்தது.

அன்று பங்கீட்டுக் கூப்பன் அரிசி வாங்கச் சங்கக்கடைக்குப் போன இடத்தில், வரிசையிலேயே விழுந்தேன். இந்த முறை சித்தப்பா சைக்கிளில் வர வேண்டியிருக்கவில்லை. திறப்பு, வாய்ப்பாடு, என் வாயிலிருந்து வந்த ஏதோ ஒரு சொல், வரிசை முழுவதும் “பாவம், பாவம்” என்ற கதை. அண்ணன்மார் என்னைத் தாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் படுத்தேன், எண்ணினேன். பதினொன்று வந்தது. மறுபடியும் பதினொன்று. கையை விரித்துப் பார்த்தால் திறப்பு உள்ளே இருந்தது.

கடை பூட்டும் நேரத்தில் சித்தப்பா வியர்த்து வழிய வந்தார்.

“திறப்பைத் தா, தம்பி. கடை திறந்து கிடக்கு.”

“முதல்ல கேளுங்கோ.”

“என்னத்தை?”

“வாய்ப்பாட்டை. இப்ப கேளுங்கோ, சித்தப்பா. கேட்டால்தான் தருவன்.”

“விளையாடாதை! சனம் சீனியை அள்ளிக்கொண்டு போகப்போகுது!”

“அப்ப கெதியாக் கேளுங்கோ.”

ஐயா வாசலில் நின்றார். சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, “ஏழெட்டு?” என்றார்.

“ஐம்பத்தாறு. உது சின்னப் பிள்ளையளின்ரை. பதினேழாம் வாய்ப்பாட்டைக் கேளுங்கோ.”

“பதினேழு ஒன்பது?”

“நூற்றைம்பத்து மூன்று. சரியோ?”

சித்தப்பா விரல்களைப் பார்த்தார். விரல் போதவில்லை. “சரியாத்தான் இருக்கும்,” என்றார்.

“நித்திரையில கிடக்கிற உங்களைத் தட்டி எழுப்பி, கண் முழிக்க முதல் சீனிக் கணக்குக் கேட்டா என்ன சொல்லுவியள்? அப்ப உங்களை விசரன், மூளை கலங்கினவன் எண்டு கடையால கலைக்கலாமோ?”

“வாயைப் பார் அண்ணை, இவன்ரை வாயை!”

“வாய் மட்டுமில்லை, மூளையும் இருக்கு,” என்றார் அம்மா குசினி அடுப்புக்கு முன்னாலிருந்து. “திறப்பைக் குடுத்து விடு, மோனை. மனுசன் அழப்போகுது.”

ஐயா மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனார். என் பெயரை அனுப்பும்படி சொல்லத்தான் போனார்.

சோதனையன்று, கணக்குத் தாளின் நடுவில் வலிப்பு வந்தது. எப்போது விழுந்தேன் என்று எனக்கு நினைவில்லை. கண் திறந்தபோது மேற்பார்வையாளர் என் மேல் குனிந்து, “உன்ரை பேர் என்ன? இண்டைக்கு என்ன கிழமை?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது.

“சேர், இப்ப ஒண்டும் கேளாதேங்கோ! சும்மா விடுங்கோ, வந்திடுவான்.”

அது சித்தப்பா. கடையை யாரிடமோ விட்டுவிட்டு, காலையிலிருந்து வெளியே வேம்பின் கீழ் நின்றவர், சத்தம் கேட்டு உள்ளே ஓடி வந்திருக்கிறார். திறப்பு அவர் இடுப்பிலேயே தொங்கியது. அதை அவர் எடுக்கவில்லை.

நான் மண்டபத்துக் கூரையைப் பார்த்து எண்ணினேன். இரண்டு தடவை ஒரே கணக்கு வந்ததும் எழுந்து உட்கார்ந்து பேனையைக் கேட்டேன். மூன்று கேள்விகளுக்கு நேரம் போதவில்லை. சோதனையில் தேறி நான் சித்தியடைந்தேன். என்றாலும் அந்த மூன்று கேள்விகளுக்கும் எனக்கு விடை தெரியும். இன்றும் தெரியும், கேட்டுப் பாருங்கள்.